திருவாதிரைக்குப் போட்ட கணக்கு

12.6.1965, மேலகரம்
சாரல் ஆரம்பித்துவிட்டது. விருந்தாளிகளும்தான். மதுரையிலிருந்து ஏழு பேர். மாவாட்டி மாவாட்டித் தோள்பட்டை கழன்றுபோயிற்று.

இந்தச் சள்ளைக்கு நடுவில்தான் ஒன்றரை வருஷம் அந்தக் கணக்கைப் போட்டேன். திருவாதிரை மாதிரிச் சிவந்த நட்சத்திரங்களில் சூடு குறைவு. அங்கே டைட்டானியமும் ஆக்சிஜனும் பிரியாமல் மூலக்கூறாகவே இருக்கின்றன. அது எந்த ஒளியை எவ்வளவு விழுங்கும் என்று சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். எம்.எஸ்ஸி.யில் பாடம் நடத்திய பேராசிரியர் வல்லிநாயகம் கேட்டார். "ரெண்டு பேர் பேர்லயும் வரும்மா" என்றார். நம்பி உட்கார்ந்தேன். போட்டு முடித்து அவருக்கு அனுப்பியாயிற்று.

29.6.1965
ஆராய்ச்சி இதழ் வந்தது. அவர் பெயர் மட்டும். என் பெயர் அடிக்குறிப்பில்கூட இல்லை.

30.6.1965
குழம்பில் உப்புப் போட மறந்தேன். "யாரு மேலட்டி கோவம்?" என்றார்கள் மாமியார். யாரிடம் சொல்ல?

அச்சான அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரு முழுமையின் பங்குகள்; ஒரு வரிசையின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டவே கூடாது. மூன்றாவது வரிசை ஒன்றரை வருகிறது! அதில் ஓர் எண் என் கார்பன் நகலில் 0.318. அச்சில் 0.818. பார்த்து எழுதக்கூட வக்கில்லையே இந்த மனுஷருக்கு!

18.7.1965
சீசனுக்கு வந்துவிட்டார், குடும்பத்தோடு. ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட! வந்தவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாதாம், வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ரசம் ஊற்றும்போது கேட்டேவிட்டேன்.

"சார், என் பேரு எங்க?"

"கணக்குப் போடுதவங்க பேரெல்லாம் போடுத வழக்கம் இல்லம்மா. யோசனை என்னுதுல்லா?"

"மூணாவது வரிசை தப்பா வந்திருக்கு சார்."

"விடும்மா. வெள்ளக்காரன் உக்காந்து கூட்டிப் பாக்கவா போறான்?" மோர் கேட்டார். ஊற்றினேன்.

அவர்கள் போனதும் வீட்டுக்காரர், "வந்தவுகள இப்படியா கேக்குதது?" என்றார். பின்னே எப்படிக் கேக்கணுமாம்? ஒன்றரை வருசம் நாயா உழைச்சவ நான்லா!

2.2.1966
கூட்டிப் பார்த்துவிட்டான். கனடாவிலிருந்து ஒருவர் இதழுக்கு எழுதியிருக்கிறார். கீழேயே பேராசிரியரின் பதில்: "கணக்கு முழுவதையும் செய்தவர் மேலகரம் திருமதி குழல்வாய்மொழி. பிழை அவருடையது."

என் பெயர். முதல் தடவையாக அச்சில். தூ!

மாமியார் கேட்டார்கள்: "பேரு வந்துட்டுன்னா ஏம்ட்டி அழுத?" விளக்கிச் சொன்னேன். "நன்றி கெட்ட பய" என்றார்கள். இதுவரை அவர்கள் யாரையும் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை.

3.2.1966
விடிந்ததும்தான் உறைத்தது. கணக்கு முழுவதையும் செய்தவர் — அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாரே! பிழையை என் தலையில் கட்டுகிற அவசரம்.

கார்பன் நகலையும் ஒரு கடிதத்தையும் இதழாசிரியருக்கு அனுப்பினேன். வீட்டுக்காரர் தென்காசிக்கே சைக்கிளில் போய் ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

10.5.1966
பதில் இல்லை.

11.7.1966
திருத்தம் வந்திருக்கிறது. பிழை நகலெடுத்ததில் நேர்ந்ததாம். அட்டவணையை இனி என் பெயரில்தான் குறிப்பிட வேண்டுமாம். நாலே வரி. பத்துத் தடவை படித்தேன்.

அதே தபாலில் பேராசிரியர் கடிதமும். நடந்தது நடந்துவிட்டதாம். சிர்கோனியம் ஆக்சைடுக்கும் ஓர் அட்டவணை போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்.

உடனே பதில் எழுதினேன்: "போட்டு முடித்துவிட்டேன் சார். இதழில் வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்."