கேற் கமராவில் படம் வராத மூன்று கிழமை

அம்பிட்டிய, கண்டி.
31.10.2008

என்ர செல்ல மகன் தயாபரனுக்கு,

கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறம், நீயும் அந்தக் குளிருக்குள்ள சுகமாயிருக்கவேணுமெண்டு கும்பிட்டுக்கொண்டுதான் இதை எழுதுறன். ரெலிபோனில சொல்லலாம், ஆனா நீ எடுக்கிற நேரமெல்லாம் அப்பா பக்கத்தில காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறார், அவருக்குத் தெரியாமச் சொல்லவேண்டிய கதை இது.

பெல் அடிச்சா ஆர் நிக்கினமெண்டு பாத்துப்போட்டுக் கேற்றைத் திறவுங்கோ எண்டு நீ அனுப்பின கமராவில சரஸ்வதி பூசையோட படம் நிண்டுபோச்செல்லே, ரீவி முழுக்க ஒரே இருட்டு. நீ கனடாவில இருந்து சொல்லச் சொல்ல அப்பாவும் வயரைக் கழட்டினார், கொழுவினார், சிவப்பு லைற் எரியுதோ எண்டு குனிஞ்சு பாத்து இடுப்பைப் பிடிச்சுக்கொண்டார், ரிமோட்டில உள்ளதெல்லாத்தையும் அமத்தி நான் பாக்கிற நாடகத்தையும் துலைச்சுப்போட்டார். பெரிய இன்ஜினியர் எண்டு நினைப்பு மனுசனுக்கு. கடைசியா நீ, சரிவராட்டி மார்கழிக்கு நானே வந்து திருத்தித் தாறன் எண்டு சொன்னாய். உன்ர முகத்தைப் பாத்து ஆறு வருசம் மகன். அண்டைக்கே நான் கலண்டரில நாள் எண்ணத் தொடங்கீட்டன்.

அடுத்தநாள் அக்குறணையில ரீவி திருத்திற றிஸ்வி வந்தார். அப்பா உள்ளுக்குள்ள ரீவிக்கு முன்னால இருந்து வருதில்லை, வருதில்லை எண்டு கத்திக்கொண்டிருக்க, றிஸ்வி ஏணியில ஏறிப் பாத்துப்போட்டு, பூசைக்கு வைச்ச சந்தனப் பொட்டு கமராவின்ர கண்ணிலயே அப்பிக் காஞ்சிருக்கு, துடைக்கட்டா எண்டு மெதுவா என்னட்டைக் கேட்டார். பிரிஜ், தையல் மிசின், ஸ்கூட்டர் எண்டு எல்லாத்துக்கும் வைச்சுக்கொண்டு போனனான், அந்தச் சாமானுக்கு நெத்தி எது கண் எதெண்டு நான் கண்டனே. ஆனா மார்கழி ஞாபகம் வந்திட்டுது. அது சாமிக்கு வைச்சது, தொடாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அவர் என்ர முகத்தை ஒருக்காப் பாத்தார், இறங்கி, மகன் வந்து பாக்கட்டும் எண்டு அப்பாவுக்குச் சொல்லிப்போட்டுப் போயிட்டார். மூண்டு கிழமையா நானும் வாயைத் திறக்கேல்லை.

போன செவ்வாய்க்கிழமை, பக்கத்துவீட்டு விமலநாதன் மாஸ்ரரின்ர மகனை, லண்டனில இருந்து தாயைப் பாக்க வந்த பிள்ளையை, கொழும்பு பஸ்ஸில இருந்து விசாரணைக்கெண்டு ஆமிக்காரர் இறக்கிக் கொண்டுபோயிட்டாங்கள், இண்டைக்கு நாலாம் நாள், எங்க வைச்சிருக்கிறாங்களெண்டே தெரியாது. தாய் இரஞ்சிதம் என்னைக் கட்டிப்பிடிச்சு, "நான்தான் வா வா எண்டு கூப்பிட்டனான் அக்கா" எண்டு அழுதா. அப்பா கடைக்குப் போன நேரம் நானே ஏணியில ஏறி, ஈரத்துணியால அந்தப் பொட்டைத் துடைச்சுவிட்டன். தான் திருத்தினதெண்டு அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரியிறார், காட்டிக் குடுத்திடாதை பாவம். கந்தசட்டி விரதத்தில நிண்டுகொண்டு உனக்கு ஒளிக்க எனக்கு மனம் வரேல்லை, அதுதான் எழுதிப்போட்டன்.

ரிக்கற் எடுத்திருந்தா திருப்பிக் குடு. நான் ரெலிபோனில அழுது கூப்பிட்டாலும் வராதை. நேரத்துக்குச் சாப்பிடு, தலையை மூடாம வெளியில போகாதை, முருகன் உன்னைத் தன்ர கையுக்குள்ள வைச்சிருப்பான். படம் நல்லாத் தெரியுது மகன், இஞ்ச வந்து திருத்த ஒண்டுமில்லை.

உன்னைப் பெத்த அம்மா,
சத்தியபாமா