சமயநல்லூருக்கு நீ வர வேண்டாம்

அன்பு மகள் ஹம்சவேணிக்கு அம்மா எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் எனக்கு மூட்டுவலியைத் தவிரக் குறையில்லை, ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி இந்துப்ரியாவும் காய்ச்சல் அண்டாமல் இருக்கிறீர்களா, முதலில் அதைச் சொல். போனில் பேசினால் நீ பாதியில் புகுந்து வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி விளக்குவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மேப்பை எதிர்வீட்டு அப்சானா தன் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். உன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் யாருக்கு டெங்கு வந்தது என்று கேட்டு வைத்த சிவப்புப் புள்ளிகளாம், எல்லாம் உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அம்மை போட்ட மாதிரி இருந்தது. பூகோளம் என்றால் ஆறும் மலையும்தானே என்று நினைத்திருந்தேன். அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டால் மண்டபத்துக்காரரே மேலிடத்தில் சொல்லி மதுரைப் பக்கம் சமயநல்லூருக்கு மாற்றல் வாங்கித் தருவார் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே பஸ் ஏறிச் சமயநல்லூர் போய்ப் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்தேன், வாடகைக்கு வீடும் விசாரித்தேன், திரும்பும்போது பரவை மார்க்கெட்டில் இறங்கி நீ வந்தால் வேண்டுமே என்று வடகத்துக்குச் சின்ன வெங்காயம் வாங்கினேன். என் மகள் வாரா என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

வெங்காயம் உரிக்கும்போது உன் தம்பி ராஜேஷ்குமார் ஞாபகம் வந்தான், வந்தானென்ன, போனால்தானே வர. அந்த வருஷம் கோடிவீட்டுச் சௌரிராஜன் சாயப்பட்டறைக் கொல்லையில் மூடாத தொட்டி, அதை ஒட்டிய வீடுகளில் எல்லாம் காய்ச்சல். கார்ப்பரேஷன் ஆள் வந்து கேட்டபோது தெருப் பெரியவர்கள் நின்று இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள், சௌரிராஜனிடம் நூல் வாங்கி நெய்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள். உள்ளே பாயில் பிள்ளை அனத்துகிறான், வாசலில் உன் அப்பாவும் அதையேதான் சொன்னார், நான் வாயைத் திறந்தேன், சும்மா இருடி என்றார். வந்தவர் திரும்பிவிட்டார், தொட்டி திறந்தே கிடந்தது, அந்த வாரமே தம்பி போய்விட்டான். அன்றைக்கு யார் யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்று இன்றும் சொல்வேன். சௌரிராஜன் பேத்தி கல்யாணப் பத்திரிகையைப் போன மாதம் கொண்டுவந்தார்கள், கையாலும் தொடவில்லை. உன் அப்பா படத்துக்குப் பூ வைக்கிறேன், அந்தச் சும்மா இருடியை மட்டும் விடவில்லை.

அதனால் ஒரு புள்ளியைக்கூட எடுக்காதே. ஒவ்வொன்றிலும் ஒருத்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஆள் தரும் மாற்றலில் நீ இந்த வாசல் ஏறினால் உன் அப்பாவைப் பார்க்கிற மாதிரித்தான் உன்னையும் பார்ப்பேன். ஏஞ் சீதாம்மா, வீடு வரைக்கும் பாத்துட்டு வந்து இப்படிச் சொல்றீகளே என்று அப்சானா கேட்டாள், போடி உன் வேலையைப் பாரு என்றேன். அவள் போனபின் அழுதேன், அதை நீ கேட்காதே. தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வீட்டு மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, இன்றைக்கே ஏறிப் பார். அந்த மண்டபத்தில் யார் கல்யாணம் என்றாலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதே. பேத்தி நன்றாகப் படிக்கட்டும், மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், மூன்று பேரும் சந்தோஷமாக இருங்கள். வடகம் காய்ந்ததும் மாட்டுத்தாவணியில் ஓசூர் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். நீ இங்கே வந்து சாப்பிடுவாய் என்று இரண்டு படி வெங்காயத்துக்குப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சீதாலட்சுமி