முந்திப் போட்ட அறிவித்தல்

கொடிகாமம்,
18.02.2025

அன்புள்ள தனுசியாவுக்கு,

வித்தியா எழுதுவது. எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், கொஞ்சமாவது நித்திரை கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். நீ ஃபோனை நிறுத்தி வைத்திருப்பதால் கையால் எழுதி, நோர்வேயில் பேர்கனுக்குத் திரும்புகிற, எங்கள் ஒழுங்கையில் வீடுள்ள றொசாந்தி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை எழும்பிப் போகவேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்பாவின் எட்டாம் நாள் எட்டுச் செலவு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அம்மா கொஞ்சம் தேறிவிட்டார், கஞ்சி குடிக்கிறார். உன் கீர்த்திகன் அண்ணை எட்டு முடிந்த மறுநாளே சந்தைக் கடையைத் திறந்துவிட்டார். வாங்க வருகிறவர்களோடு விலையைத் தவிர வேறு கதையில்லை. நீ முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வரமாட்டாய் என்றும், அண்ணையோடு இனி ஒரு சொல்லும் கதைக்கமாட்டாய் என்றும் அங்கேயே இருக்கிற நாகேஸ்வரி மாமிக்குச் சொன்னாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் படிப்பைப் பற்றி உனக்குத் தெரியும். யாழ்ப்பாணம் ரவுணில் வெப் டெவலப்மென்ற் டிப்ளோமா, கடைசி வருடம். அதோடு ஆறு மாதம் ஒரு கொம்பனியில் பயிற்சி வேலை. இனி ஒருவரும் கொழும்புக்கோ கனடாவுக்கோ ஓடத் தேவையில்லை, கொடிகாமத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டே உலகத்துக்கு வேலை செய்யலாம் என்று விரிவுரையாளர் முதல் நாளே சொன்னார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கோயிலில் காண்பவர்களுக்கெல்லாம் மகள் வெப் செய்கிறாள் என்று சொல்லித் திரிந்தார். அந்தக் கண்டறியாத வெப் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. மரண அறிவித்தல். செத்தவரின் படத்தைப் போட்டு, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று எழுதி, கீழே பூக்கடை விளம்பரம் போடுகிற இணையத்தளம்.

அறிவிப்பதில் பிழையில்லை. எங்கள் சனம் பத்து நாட்டில் சிதறிக் கிடக்கிறது, அறியத்தான் வேண்டும். ஆனால் அந்த அலுவலகத்துக்குள் ஒரு கிழமை இருந்து பார். முதலாளி மயூரதன் அண்ணை காலையில் தேத்தண்ணியைக் கையில் எடுத்தபடி கேட்பது, இண்டைக்கு எத்தினை விழுந்தது என்று. விழுவதற்கு அது என்ன, மாங்காயா? சீ. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அறிவித்தல் மேலே வரும், பார்ப்பவர்கள் கூடுதல் என்பதால். பிறந்த ஊரிலேயே இருந்து செத்தவர் பக்கத்தின் அடிக்குப் போவார். அந்த வரிசையை எழுதியவள் நான். வதிவிடப் பட்டியலில் கனடா, சுவிஸ், நோர்வே எல்லாம் இருக்கிறது, கொடிகாமம் இல்லை. 'மற்றவை' என்பதைத்தான் அமத்தவேண்டும். என் அப்பா நாளைக்குக் கண்ணை மூடினால் நான் செய்த தளத்தில் அவர் 'மற்றவை'. இப்போது நினைக்க வெட்கம் வருகிறது. அப்போது வரவில்லை, அதுதான் பெரிய அரியண்டம். நல்லாய்க் கோட் எழுதுகிறேன் என்று பெருமையும் புளுகமுமாய் இருந்தேன்.

ஆட்கள் விபரம் அனுப்புகிற படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி உண்டு. அதற்குள் என்னென்னவோ எழுதுவார்கள். அம்மாவுக்கு இந்தப் படம் பிடிக்காது, வேறு அனுப்புகிறோம் என்பார்கள். பெரியண்ணையின் பெயரை முதலில் போடுங்கள் என்பார்கள். இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தால் மற்றத் தளங்கள் முந்திவிடும் என்று மயூரதன் அண்ணை ஒருநாள் பாய்ந்தார். எழுதுகிறவர்கள் எழுதட்டும், அறிவித்தல் போடுகிற ஆளின் திரையில் அந்தப் பெட்டியைக் காட்டாதே என்றார். ஒரு வரி வேலைதான். ஐந்து நிமிடத்தில் மறைத்துவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போனேன். அது ஜனவரி மாதம்.

பெப்ரவரி நாலாம் திகதி காலை பத்தரைக்கு உன் அப்பாவின் விபரம் வந்தது. அன்றைக்கு அறிவித்தல் போடுகிற ஆள் நான். படத்தைக் கண்டதும் ஒரு பாடு அழுதேன். பிறகு, அவருக்கு என்னால் செய்யக்கூடியது இது ஒன்றுதானே, கெதியாய்ச் செய்வோம் என்று நினைத்தேன். ஆழ்வாப்பிள்ளை என்ற பெயரில் அவசரத்தில் 'ள்' விழுந்திருந்தது, அதை 'ழ்' ஆக்கினேன். படத்தை வடிவாய் வெட்டினேன். மகள் நோர்வே என்று இருந்ததால் அறிவித்தல் தானாகவே மேலே போய் நின்றது. 'வெளியிடு' என்பதை அமத்தினேன். மற்றத் தளங்களைவிட மூன்று மணித்தியாலம் முந்திவிட்டோம் என்று பின்னேரம் மயூரதன் அண்ணை மேசையில் தட்டிச் சிரித்தார்.

எங்கள் ஆட்களின் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. வெளிநாட்டில் தனியே இருக்கிற பிள்ளைக்கு இப்படியான செய்தியைச் சும்மா ஃபோனில் சொல்லமாட்டார்கள். கிட்ட இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டாயோ என்று கேட்டு, பக்கத்தில் இருந்துதான் சொல்வார்கள். உனக்கு அப்போது விடிய ஆறு மணி. முதியோர் இல்லத்துக் குசினியில் காலைச் சமையல் வேலை தொடங்கியிருந்தாயாம். ஃபோன் கிணுங்க, எடுத்துப் பார்த்தால் நான் போட்ட அறிவித்தல்தான் வந்து கிடந்ததாம். தமிழில் ஒரு சொல் தெரியாதவர்கள்தான் உன்னைத் தூக்கி இருத்தினார்களாம். மாமி உன்னிடம் வருவதற்கு அந்த நேரம்தான் லீவு கேட்டுக்கொண்டிருந்தாராம்.

செத்தவீட்டில் வீடியோவில் நீ கேட்டதை எல்லோரும் கேட்டோம். "உலகத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டே எனக்குச் சொல்ல இருந்தனி? இனி நீ எனக்கு அண்ணையில்லை." கீர்த்திகன் அண்ணை, நீ வைத்த பிறகு, உடனே போடவேண்டாமென்று தான் படிவத்தில் எழுதியதாக ஒருமுறை சொன்னார். உன் சித்தப்பா கொம்பனிக்கு ஃபோன் எடுத்துக் கேட்க, அப்படி ஒன்றும் வரவில்லை என்று மயூரதன் அண்ணை அடித்துச் சொல்லிவிட்டார். அதோடு ஊரும் உன் அண்ணையைத்தான் விசரன் என்றது.

எனக்கு அங்கேயே உறைத்துவிட்டது. மறுநாள் போய், வந்த படிவங்களுக்குள் தேடினேன். இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் ஃபோனில் குத்தி எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

"தயவுசெய்து உடனை போடவேண்டாம். தங்கச்சி நோர்வேயிலை தனிய இருக்கிறாள். மாமி பின்னேரம் அவளிட்டைப் போறா. மாமி போய்ச் சேந்திட்டா எண்டு நான் சொன்னாப் பிறகு போடுங்கோ. அவள் பயந்திடுவாள்."

மயூரதன் அண்ணையிடம் காட்டினேன். வாசித்தார், அழித்துவிடு என்றார். அடுத்த மாதம் எனக்கு நிரந்தர நியமனம் தருவதாகவும் அதே மூச்சில் சொன்னார். நான் அழிக்கவில்லை. அந்தப் பெட்டியைத் திரும்பவும் திரையில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். இந்நேரம் அதை எடுத்திருப்பார்கள். வேலையை விட்டது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. காலையில் வெளிக்கிட்டு ரவுணுக்குப் போய் நூலகத்தில் இருந்துவிட்டு வருகிறேன். என்னோடு படிக்கிற கஜானி, கொழும்புக்குப் போனாலும் இதே கூத்துத்தான், அங்கே செத்தவருக்குப் பதில் செருப்பு விற்பாய் என்கிறாள். இருக்கலாம். இந்தத் தொழிலை நான் விடப்போவதில்லை, கையில் வேறு தொழில் இல்லை. செருப்பென்றால் ஆரும் மயங்கி விழமாட்டார்கள்.

கீர்த்திகன் அண்ணையிடம் சந்தைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "விடு பிள்ளை. அவளுக்கு இப்ப ஆரோடையேனும் கோவிக்கவேணும். என்னோடை கோவிக்கட்டும், நான் தாங்குவன். நீ போய்ச் சொன்னா அவளுக்கு இருக்கிற ஒரு சிநேகிதியும் இல்லாமப் போயிடும்."

அதைக் கேட்டதிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என் பிழையைத் தலையில் சுமந்துகொண்டு, எனக்காகவும் அவர் யோசிக்கிறார். இதை அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கோபிக்க வேண்டியது என்னோடு. திட்டு, இனி என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். நீ மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மார்ச் ஆறாம் திகதி கீரிமலையில் அந்தியேட்டி. வரமுடிந்தால் வா. வரமுடியாவிட்டாலும் இதை வாசித்த கையோடு ஃபோனைத் திறந்து அண்ணைக்கு எடு. அப்பா செத்து இன்றைக்குப் பதினைந்து நாள், கீர்த்திகன் அண்ணை இன்னும் ஒருமுறைகூட அழவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுவார். அவர் அழுது முடிக்கும்வரை ஃபோனை வைத்துவிடாதே, தனுசியா.

உனக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் பெயரைத் திருத்திப் போட்டவள்,
வித்தியா