நீ பார்க்காமல் போன இடைவேளை

என் செல்லக் கழுதை முத்துக்கனிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நீ போய் இத்தனை மாதமாகியும் எனக்கு ஆறவில்லை, என்ன செய்ய?

உன் கட்டிலை அந்த வாரமே வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். சங்கரன்கோவில் பக்கம், பேர் வேணி. உன்னைப் போலவே கம்பெனியில் ஷிப்ட் முழுக்க லைனில் நின்று செய்கிற வேலை. உன்னைப் போலவே ஷிப்ட் முடிந்து வந்ததும் தலையணையை எடுத்துக் காலுக்கு வைத்துக்கொள்வாள். மேல்கட்டிலிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நீதான் படுத்திருக்கிறாய் என்று நினைத்துவிடுவேன். மற்றபடி பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில் எதுவும் மாறவில்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு அதே கம்பெனி பஸ், வாசலில் அதே லாரிப் புழுதி, சாம்பாரில் அதே பூசணிக்காய்.

மெஸ் ஹாலில் படம் போடுவதும் நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வருவாரே தியாகு சார், அவர் இன்னும் வருகிறார். பெரிய மேடைகளில் நடக்கிற கச்சேரியும் நாட்டியமும் டிக்கெட் வாங்க வழியில்லாதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று, படம் பிடித்து வைத்ததை ஊர் ஊராகப் போட்டுக் காட்டுகிற மனிதர். முதல் தடவை கச்சேரி போட்டபோது பாதிப்பேர் தூங்கிவிட்டோம், ஞாபகம் இருக்கிறதா? நீ மட்டும் தூங்கவில்லை. பாட்டு உனக்கும் புரியவில்லைதான். ஆனால் கேமரா மிருதங்கக்காரரின் விரலுக்குப் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தாய். அந்தக் கைவேகத்துக்கு நம் லைனில் ஆளே கிடையாது என்றாய். மறுநாள் பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்து, அந்த சீட்டுக்காரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

அப்புறம்தான் அந்த பாலே வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கால்விரல் நுனியில் நின்று சுழன்று சுழன்று ஆடிய படம். நேரில் போய்ப் பார்த்தால்கூட இவ்வளவு கிட்டத்தில் முகம் தெரியாது என்றார் தியாகு சார். நாயகியின் முகத்துக்கு நேராகப் போனது கேமரா. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது, உதட்டில் மட்டும் சிரிப்பு மாறவேயில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“எக்கா, எவ்ளோ நேரமா நுனிக்கால்ல நிக்கா பாரு. மூஞ்சில ஒரு சுளிப்பு உண்டா? நாமளுந்தான் நிக்கோம், ஒப்பாரி வச்சிக்கிட்டு.”

இடைவேளை விட்டார்கள். இடைவேளை என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் பாத்ரூம் வரிசையும் டீ வரிசையும்தான். சினிமா பார்த்து வளர்ந்த கூட்டம், விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். திரையில் அதுபாட்டுக்கு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரமாக இருக்கும் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து உனக்கு அந்தப் பெண் மேல் பைத்தியம் பிடித்தது. திரையில் அவள் முகம் வந்தபோது போனில் எடுத்த படத்தை முகப்பில் வைத்துக்கொண்டாய். கால் வலிக்கிறதா என்று கேட்டால் அவளைப் போலவே ஒரு சிரிப்பு. தைலத்தோடு கீழே இறங்கி வந்தால் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாய். “அவ சொல்லுதாளா, நான் சொல்ல?” என்பாய். ஓ.டி.க்கு ஆள் வேண்டும் என்றால் முதல் கை உன்னுடையதாகத்தான் இருக்கும். இதையெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாயா கனி?

ஒருநாள் காலையில் பஸ் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றாய். படியிலேயே உட்கார்ந்தாய். அவ்வளவுதான். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நின்று நின்றே இப்படி ஆனதா என்று டாக்டரிடம் கேட்டேன். பல காரணம் இருக்கலாம், காலில் வீக்கமும் வலியும் எத்தனை நாளாக இருந்தது என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

உன் அம்மா வந்தார்கள். உன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள். “எம்புள்ள ஒங்கிட்டகூட வலிக்குன்னு சொல்லலயாம்மா?”

இல்லையம்மா, சிரித்துக்கொண்டேதான் இருந்தாள் என்று சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் அழ ஆரம்பித்தார்கள்.

போன மாதம் தியாகு சார் அதே பாலே படத்தை மறுபடியும் கொண்டுவந்தார். புதுப் பிள்ளைகள் கேட்டார்களாம். எனக்குப் போக மனசில்லை, வேணிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முதல் பாதி முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைவேளை வந்தது, ஹாலே எழுந்து ஓடியது. நான் எழுந்திருக்கவில்லை. “இன்னாம்மா, நீ மட்டும் ஒக்காந்துகினு கீறே? டீ ஆறிப் பூடும்” என்று சொல்லிவிட்டு வார்டன் அம்மாவும் வெளியே போனார்.

யாருமில்லாத ஹாலில் அந்தப் பெண் திரைக்கு வந்தாள் கனி. மேடைக்குப் பின்னால் எடுத்தது. ஒரு பெஞ்சில் தொப்பென்று விழுந்தாள். ஷூவைக் கழற்றினாள், விரல்களில் சுற்றியிருந்த துணியெல்லாம் ரத்தம். வாயைக் கோணிக்கொண்டு அழுதாள், நாம் அழுகிற மாதிரியே. ஒரு ஆள் தரையில் மண்டி போட்டு, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து மெல்ல அமுக்கிவிட்டார். அப்புறம் ஐஸ் போட்ட வாளிக்குள் காலை வைத்தார்கள். வலிக்கிறது என்று அவள் சொன்னது திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்தில் வந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

அவள் சொல்லியிருக்கிறாள். சொன்னதைக் கேட்க அவளுக்கு ஆள் இருந்திருக்கிறது. படம் எடுத்தவர்கள் அதையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். நாம் டீ குடிக்கப் போயிருந்தோம்.

அந்த இடைவேளையைத் திரும்பப் போடுங்கள் என்று தியாகு சாரிடம் கேட்டேன். இத்தனை ஊரில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை என்று சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீ டம்ளரோடு வந்த பிள்ளைகள் நின்றபடியே பார்த்தார்கள். முடிந்ததும் வேணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினாள். “எக்கா, ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு” என்றாள். கெண்டைக்கால் சிவந்து வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது. உன்னுடையதும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

அப்போதே ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தம் கட்டியிருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். ஊசி போட்டு, படுக்கையில் சேர்த்துப் பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டாள். இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுபோய், நம்மை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்டர் ஆபீஸில் கொடுத்தாள். நிற்கிற வேலைக்கு இனி இவள் சரிப்பட மாட்டாள், உட்கார்ந்து செய்கிற வேலை இங்கே இல்லை என்று கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஸ்டூல் போட்டால் செய்யக்கூடிய வேலைதானே என்று சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். ஒருத்திக்குப் போட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டுமே என்றேன். அவர் லைனைப் பார்க்கப் போய்விட்டார்.

சினிமாவைப் பார்த்து ஏமாந்த மாதிரி அந்தப் பெண்ணைப் பார்த்து ஏமாந்துவிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்கு முன்பே தெரியுமோ? தெரிந்துதான் அந்தச் சிரிப்பைப் பழகிக்கொண்டாயோ?

நேற்று வேணி போன் செய்தாள். அப்பாவுக்கு வேலையில்லையாம், தங்கச்சியைப் படிப்பிலிருந்து நிறுத்தப் போகிறார்களாம். “ஒன்னாலதான் எக்கா எம்பொழப்பு போச்சு. நான் பாட்டுக்கு வாய மூடிட்டு இருந்திருப்பேன். நீயும் ஒன் படமும்.” அழுகையும் ஏச்சுமாகக் கொட்டித் தீர்த்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். அத்தனை ஏச்சுக்கும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை கனி.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த ஹாலில் அந்தப் படம் போடும்போதெல்லாம் இடைவேளையில் ஒரு பிள்ளையையும் எழுந்து போக விட மாட்டேன். பார்த்துவிட்டு எவள் காலைக் காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஸ்டூல் கேட்பதையும் விட மாட்டேன். என் வேலையும் போகலாம், பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனவர்கள் எல்லோரும் போன் போட்டு என்னை ஏசட்டும், கேட்டுக்கொள்கிறேன். நீயும் உயிரோடு இருந்து ஏசியிருக்கலாம்.

உன் மேல்கட்டில் அக்கா,
இசக்கியம்மாள்