அறுபத்து நான்காவது கடிதம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ "ம்" மட்டும்தான் சொல்கிறாய். எனக்கும் பேச வாய் வருவதில்லை.

இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உனக்குப் போன மாதம் அனுப்பிய எங்கள் இதழில் ஒரு கதை இருந்ததே, அழுகையை நிறுத்தாத கைக்குழந்தையின் முகத்தில் தாயே தலையணையை வைத்து, பிறகு எடுத்துவிடுகிற கதை, அதற்கு இதுவரை அறுபத்து மூன்று கடிதங்கள். உறையைப் பிரித்து, வாசகர் பக்கத்துக்கு டைப் செய்வது என் பாடு. எல்லாம் வசவு. "இவள் தாயா, பேயா?" என்று ஒருவர் நாலு பக்கம். ஆசிரியர் சிரிக்கிறார்: "திட்டுறதுக்காவது முழுசாப் படிச்சிருக்காங்களேம்மா. போடுங்க."

அறுபத்து நான்காவதில் பெயர் இல்லை. நோட்டுத் தாள், இரண்டு பக்கமும் விளிம்பு விடாமல். 'கதை எழுதியவருக்குத் தெரியவில்லை. தலையணையை எடுத்ததும் குழந்தை அழாது. நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதற்குப் பிறகுதான் தாங்க முடியாது.'

விளிம்பு விட்டால் தாள் வீண் என்று எனக்குப் பழக்கியவள் நீ. கல்லூரி வரை அதற்குத் திட்டு வாங்கினேன்.

பாப்பா எப்படி இருக்கிறாள்?

உன் தங்கை

மார்ச் 9

வாலு,

நாலு எழுத்து படிச்சதும் கையெழுத்துல ஜாதகம் பாக்கறியா? விளிம்பு விடாம எழுதறவ உலகத்துல நான் ஒருத்திதானா?

பாப்பாவுக்கு ரெண்டு பல்லு வந்திருக்கு. உன் மாமாவுக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க, பகல் பூரா தூங்கணும். அதனால பாப்பாவத் தூக்கிட்டு பாத்ரூம்ல உக்காந்திருக்கேன். குழாயத் திறந்துவிட்டா அழுகை வெளிய கேக்காது. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.

அந்த லெட்டர மட்டும் அச்சுல போட்டுடாத. அம்மாகிட்டயும் மூச்சு விடாத. இனிமே அந்தப் புஸ்தகம் அனுப்ப வேணாம்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

கடிதக் கட்டிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவிட்டேன். ஆசிரியர், "ஒண்ணு குறையுதே?" என்றார். "அதுவும் வசவுதான் சார்" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

மற்ற அறுபத்து மூன்றையும் என் கையால் டைப் செய்தேன். கதையில் வரும் அந்தத் தாய் கண்மூடித் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை, அக்கா. பல் முளைத்ததா, தவழ்கிறாளா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

லீவு சொல்லிவிட்டேன். இதைக் கூரியரில் போடுகிறேன், நாளை உனக்குக் கிடைக்கும். நாளை மறுநாள் முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுவேன். மாமாவிடம் பாப்பாவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நீ படுத்துக்கொள். எழுப்ப மாட்டேன்.

இன்னொன்று. எழுதப் பேனா நகரவில்லை. இதற்காக நீ என்னோடு பேசாமலே இருந்தாலும் சரி. நான் வந்து சேரும்வரை பாப்பாவைக் கீழ் வீட்டில் துணி தைக்கிற அம்மாவிடம் கொடுத்துவை.