யாரும் கை வைக்காத சோத்துப் பெட்டி

கரவனெல்ல
16 பெப்ரவரி 2025

இல்லக்கா, கடையில வாங்கித் திங்கல. நான் தான் சமைக்கிறேன். சிரிக்காத. நீ கேட்ட கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிட்டேன், சுகம் விசாரிக்கிறதெல்லாம் இனிமே தான். நாங்க இருக்கோம். நீயும் சுகமா இரு.

நீ மடத்துக்குப் போனதுக்கப்புறம் நானும் அப்பாவும் நஜீப் நானா சாப்பாட்டுக் கடையே கதின்னு இருந்தோம். காலையில பராட்டா, ராவைக்கு கொத்து, நடுவுல பாக்கெட் நூடுல்ஸ். எனக்கு ஜாலி தான். அப்பா தான் போன மாசம் பால் வெட்டப் போன எடத்துல ரப்பர் மரத்தோட சாஞ்சு உக்காந்துட்டாரு. கண்ணு இருட்டிருச்சாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ரத்தத்துல சீனி ஏகத்துக்கு ஏறிக் கெடக்கு. கிளினிக்ல ஒரு நர்ஸ் மிஸ், "வீட்டுல சமைக்க யாரு இருக்கா?"ன்னு சிங்களத்துல கேட்டாங்க. "நான் இருக்கேன்"னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல, வாயில வந்துருச்சு.

அம்மாவுக்கும் இப்படித் தானே ஆரம்பிச்சுச்சு. அப்ப நாம யாருமே அத பெருசா எடுக்கல. இன்னொரு தடவ அந்தக் கல்லறை மேட்டுக்கு நடக்க என்னால ஏலாது.

அதனால வீட்டுல கோதுமை மாவு, சீனி, பாம் எண்ணெய், சூப் கட்டி எல்லாத்துக்கும் டாட்டா. பக்கத்து காம்பராவுல குடியிருக்கிற நிரோஷா அக்காகிட்ட குடுத்துட்டேன். அது ரொம்ப சந்தோசமா வாங்கிக்கிச்சு. இனி மருந்தடிக்காத சாப்பாடு தான்னு பீத்திக்கிட்டு, ரப்பர் காட்டுக்குள்ள போயி ஒரு கூடை கீரை புடுங்கிட்டு வந்தேன். அன்னைக்கு மழை, வெறகு நனைஞ்சு போச்சு, சமைக்கல. விடிஞ்சு பாத்தா கீரையெல்லாம் கருகிக் கெடக்கு. முந்தின நாள் தான் அந்த மலையில புல்லுக்கு மருந்து அடிச்சிருக்கானுங்க! கங்காணி, "ஒங்கப்பன கொல்றதுக்கு இவ்வளவு கஷ்டப்படணுமாடா?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கிறாரு. கூடையோட கொண்டு போயி குழியில பொதைச்சுட்டேன்.

இப்ப நம்ம லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாடி நானே பாத்தி கட்டிட்டேன். சாணியும் மக்குன எலையும் தான், யூரியா ஒரு பிடி கூட கெடையாது. முகுணுவென்ன கீரை வந்துருச்சு, வல்லாரை வருது. குரக்கன், நம்ம கேழ்வரகு, அத மட்டும் டவுன்ல முழுசா வாங்கி, கழுவிக் காயவச்சு அரைச்சுக்கிறேன்.

என்கூட படிச்ச கிருஷாந்த் எம்பிலிப்பிட்டியவுல போன் கடை போட்டுட்டான். சித்திரைப் புது வருசம் முடிஞ்சு என்ன வரச் சொல்றான். வேலையும் பழகலாம், படுக்க எடமும் இருக்கு. ஸ்கூல விட்டதுக்கப்புறம் என்ன ஒருத்தன் வான்னு கூப்பிட்டது இது தான் மொத தடவ. நீ இங்க இருந்திருந்தா நான் இந்நேரம் சரின்னு சொல்லியிருப்பேன். இத ஒங்க மடத்து மதர் பிரிச்சுப் படிச்சாலும் பரவால்ல.

அப்பா ஒன்ன பத்திக் கேக்கல. பொய் சொல்ல மாட்டேன்.

டெனிஸ்


கன்னியர் மடம், கண்டி
2 மார்ச் 2025

என் அருமைத் தம்பி டெனிஸுக்கு,

உன் கடிதம் வந்த அன்று துணி துவைக்கும் இடத்தில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். நீ அடுப்புப் பக்கம் குனிந்து நிற்பதைக் கற்பனை செய்து பார்த்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். கருகிய கீரையைப் படித்ததும் சிரிப்புப் போய்விட்டது. இனிமேல் காட்டுக் கீரையைத் தொடாதே, ராசா.

குரக்கன் மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்தால் ரொட்டி வெடிக்கும். கொதிக்கிற தண்ணீர் ஊற்று. துருவிய தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் தாராளமாகப் போடு. அப்பாவுக்குத் தேங்காய்ச் சம்போலில் சின்ன வெங்காயம் அதிகமாக இருந்தால்தான் பிடிக்கும். உப்பைக் குறைத்தால் தேசிக்காய்ப் புளியைக் கூட்டிவிடு, நாக்குக்குத் தெரியாது.

இங்கே சாப்பாடு நல்ல சாப்பாடுதான். சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாது என்பது ஒழுங்கு. ஒருவர் நின்று புனிதர் வரலாறு வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். பழகிவிடும் என்கிறார்கள். நம் வீட்டில் நீயும் அப்பாவும் கருவாட்டுத் துண்டுக்குச் சண்டை போடும் சத்தம் சில நேரம் காதில் கேட்கிற மாதிரி இருக்கும். வாசிப்பைத் தவறவிட்டுவிடுவேன்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் நாள். பெற்றவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிவருவது இங்கே வழக்கம். அப்பாவிடம் சொல்லிப் பார். வற்புறுத்தாதே.

அவர் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
சரோன்


கரவனெல்ல
30 மார்ச் 2025

அக்கா,

கொதிதண்ணி யோசனை நல்ல யோசனை. ரொட்டி வெடிக்கல. ஆனா அப்பாவுக்குப் பெட்டியில கட்டிக் குடுத்த அந்த ரொட்டிய இவ்வளவு நாளும் தின்னது யாரு தெரியுமா? லயத்து நாய். அது ஏன் இப்படிப் பளபளன்னு கொழுத்துக்கிட்டு வருதுன்னு எனக்கு இப்பத் தான் புரிஞ்சுச்சு.

நஜீப் நானா தான் போட்டுக் குடுத்தாரு. "தம்பி, ஒங்கப்பா பால் குடுத்துட்டு நேரா இங்க தான் வாராரு. ரெண்டு பராட்டா, சீனி போட்ட பிளேன்டீ. நீ என்னமோ ஒர்கானிக் சமையல் சமைக்கிறியாமே, அப்புறம் என்னத்துக்கு?"

எனக்கு வந்துச்சு பாரு கோவம். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அடுப்பு ஊதுறவன் நான். அன்னைக்கு அவரு வந்ததும் வாசல்லயே நிக்க வச்சுக் கேட்டேன்.

"பெட்டியில வச்ச சாப்பாட்ட ஏன் கொட்டுறீங்க?"

"வாயில வைக்க முடியல."

"பொய். ராவைக்கு அதே ரொட்டி தானே திங்கிறீங்க, முடியுது தானே?"

"கத்தாதடா. லயமே கேக்குது."

"கேக்கட்டும்! அம்மா மாதிரி நீங்களும் போறதுன்னா சொல்லிருங்க, நான் எம்பிலிப்பிட்டியவுக்குப் போறேன். யாருக்கு ஊதுறேன் அடுப்பு?"

அவரு அடிப்பாருன்னு தான் நெனச்சேன். படியில உக்காந்துட்டாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு.

"பால தராசுல நிறுத்துட்டு ஸ்டோர் பக்கத்துல எல்லாரும் வட்டமா குந்துவோம்ல. எல்லாப் பெட்டியும் நடுவுல இருக்கும். அவன் கறியில நான், என் கறியில அவன். ஒங்கம்மா இருந்த வரைக்கும் என் பெட்டி தான் மொதல்ல காலியாகும். பொறவு ஒங்க அக்கா கட்டிக் குடுத்தப்பவும் அப்படித் தான். இப்ப என் பெட்டியில யாரும் கை வைக்கிறதில்லடா. கூட பால் வெட்டுற அந்தனி ஒரு நாளு தொட்டுப் பாத்துட்டு, 'ஸ்டீபனு, ஒங்க வீட்டுக்கு மட்டும் தவக்கால நோன்பு முன்னாடியே வந்துருச்சா'ன்னான். எல்லாம் சிரிச்சானுங்க. நீ ஆக்குனத நான் என்ன சொல்ல? மறுநாள்லேர்ந்து மரத்துக்குப் பின்னாடி போயிட்டேன். அங்க தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குது. கடைன்னா நாலு பேரு பேசிக்கிட்டு இருப்பாங்க."

உப்பு, எண்ணெய், சீனி எல்லாத்தையும் கணக்குப் பாத்தேன். இத பாக்கல.

ஒன்னு கவனிச்சியா? "ஒங்க அக்கா"ன்னு சொன்னாரு. நீ போனதுக்கப்புறம் அவரு வாயில நீ வந்தது அப்பத் தான். அந்த சூட்டோட திருநாள் விசயத்தையும் சொன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

கிருஷாந்த் மறுபடி போன் பண்ணான். புது வருசம் தாண்டுனா வேற பையன போட்டுக்குவானாம். நீ எல்லாருக்கும் செபம் பண்றவ தானே, இங்க யாரு சமைக்கிறதுன்னு ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு.

கோவத்துல எழுதுறேன். ஆனா கிழிக்க மாட்டேன்.

டெனிஸ்


கன்னியர் மடம், கண்டி
22 ஏப்ரல் 2025

தம்பி டெனிஸுக்கு,

தவக்காலத்தில் கடிதம் எழுத அனுமதி இல்லை. பாஸ்குத் திருநாள் முடிந்து இப்போதுதான் எழுதுகிறேன். அதற்குள் நீ போகவேண்டிய நாளும் கடந்திருக்கும். அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. என்ன என்று பக்கத்தில் இருந்தவர் கண்ணால் கேட்டார். பேசக்கூடாதே, தலையை ஆட்டிவிட்டேன்.

நீ கோபத்தில் கேட்டதை நான் கோபமில்லாமல் யோசித்தேன். வார்த்தைப்பாடு கொடுக்கும் வரை யாரும் வீட்டுக்குத் திரும்பலாம். அதில் குற்றமில்லை, அவமானமும் இல்லை. என்னோடு வந்தவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். நான் வந்து சமைத்தால் அப்பா வட்டத்தில் உட்காருவார். நீயும் உன் வழியைப் பார்த்துப் போகலாம்.

நான் வரவா? ஒரே வார்த்தை எழுது. மதரிடம் பேசிவிடுகிறேன்.

அக்கா,
சரோன்


கரவனெல்ல
11 மே 2025

வான்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. மொதல்ல நடந்தத கேளு.

அப்பாகிட்ட சண்ட போட்ட பெறகு நான் யூடியூப்ல பொலோஸ் கறி பாத்தேன். பிஞ்சுப் பலா தான் நம்ம லயத்துப் பக்கம் சும்மா விழுந்து கெடக்கே. கொரக்காப் புளி, மிளகு, கறுவாப்பட்டை, எண்ணெய் ஒரு சொட்டு கூட இல்ல. மண்சட்டியில வச்சு மெதுவான தணல்ல விடணும். மொத சட்டி அடி புடிச்சு கரியாப் போச்சு. ரெண்டாவது சட்டி கறுப்பா, மெத்துன்னு வந்துச்சு பாரு, நானே வாசத்துல மயங்கிட்டேன். பெட்டியில நெறயா வச்சு, "இன்னைக்கு மட்டும் வட்டத்துல உக்காருங்க"ன்னு அப்பா கால புடிக்காத குறையா கெஞ்சுனேன்.

மத்தியானம் மூஞ்சத் தூக்கிக்கிட்டு வந்தாரு. "என்னப்பா?"ன்னேன்.

"என்னத்தடா வச்ச? எனக்கு ஒரு துண்டு கெடைக்கல. அந்தனி சட்டிய வழிக்கிற மாதிரி பெட்டிய வழிக்கிறான். கபூரு ரொட்டியக் கூட விடல. பசியில நஜீப் கடைக்குப் போயி ரெண்டு பராட்டா தின்னுட்டு வாறேன்."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவரு சிரிக்கிறாரு அக்கா. அம்மா போனதுக்கப்புறம் அந்தச் சிரிப்ப நான் பாக்கல. இப்ப ரெண்டு பெட்டி கட்டுறேன். ஒன்னு அவனுங்களுக்கு.

போன கிளினிக்ல சீனி நல்லா எறங்கியிருக்கு. மிஸ், "சமைக்கிறது யாரு?"ன்னு மறுபடி கேட்டாங்க. அப்பா என்னக் கைகாட்டுனாரு.

இப்ப ஒன் கேள்வி. அப்பா எப்படி இருக்காருன்னு ஒனக்குத் தெரியாது, நான் எழுதுறது தான் ஒனக்குத் தெரியும். "அப்பாவுக்கு முடியல, ஒடனே வா"ன்னு ஒரு வரி போட்டா நீ பையோட வந்து நிப்ப. நான் பஸ் ஏறிருவேன். அப்படி எழுதிப் பாத்தேன். எழுதுன தாள அடுப்புல போட்டுட்டேன். கிருஷாந்த் வேற பையன எடுத்துட்டான், அதுக்கு வயிறு எரியுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக ஒன்ன இழுத்துட்டு வந்து அடுப்பு முன்னாடி உக்கார வச்சா, அந்தச் சோறு எனக்கு எறங்காது.

ஆனா நீ எனக்காக கேக்குறியா, ஒனக்காக கேக்குறியா? கடுதாசியில தெரியல. அங்க ஒனக்கு இருக்க ஏலலேன்னா வா. காம்பரா தொறந்து தான் கெடக்கு, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, சொன்னா நான் பாத்துக்கிறேன். சமைக்கிறதுக்குன்னு வராத. அதுக்கு இங்க ஆளு இருக்கு.

எனக்கு என்ன வேணும்னு மட்டும் கேக்காத. அப்பா விடிய முன்ன போயிருவாரு, ராவைக்கு சாப்பிட்டதும் படுத்துருவாரு. கூட இருந்த பயலுக எல்லாம் கொழும்புல. பகல் முழுக்க நானும் பாத்தியும் தான். போன வாரம் முகுணுவென்னகிட்ட சத்தமா பேசிக்கிட்டு இருந்தேன், நிரோஷா அக்கா எட்டிப் பாத்துட்டு உள்ள போயிருச்சு. கேட்டா வான்னு தான் சொல்லுவேன், அதான் கேக்காதன்றேன்.

அப்பாகிட்டயும் கேட்டேன். பால் வெட்டுற கத்திய தீட்டிக்கிட்டு இருந்தாரு.

"அக்கா வரவான்னு கேக்குது. என்ன எழுத?"

கத்திய தீட்டி முடிச்சு, துணியில சுத்தி வச்சுட்டு, "அந்த மடத்துக்கு எந்த பஸ்ல போறது?"ன்னாரு.

"கண்டிக்குப் போயி மாறணும். ஏன்?"

"சும்மா கேட்டேன்." கத்திய மேல செருகிட்டு, "ஆகஸ்ட் பதினஞ்சாந் தேதி லீவு வேணும்னா கங்காணிகிட்ட முன்னாடியே சொல்லணும். ஒனக்குச் சட்ட இருக்கா?"ன்னாரு.

அவ்வளவு தான் சொன்னாரு. நீ வரவான்னு கேட்ட, அவரு போக வழி கேக்குறாரு. ரெண்டையும் எழுதிட்டேன், இனி நீயே முடிவெடு. இதுக்கு மேல எனக்கு…

மழை புடிச்சிருச்சுக்கா, வெளிய குரக்கன் காயுது, அள்ளணும். நான் போறேன்.

டெனிஸ்