குகை வாசலில் சுட்ட தோசை

மேரு, கிள்ளான்

அன்பு மகள் மலர்விழிக்கும் மாப்பிள்ளை சிவேந்திரனுக்கும் அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, உன் தம்பி தனேஷும் சுபாங் ஜெயாவிலிருந்து வாரம் தவறாமல் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். டப்ளினில் குளிர் எப்படி, நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுவதைக் கேட்டு நானும் அழுவேன், அது வாசலில் இருக்கும் அப்பா காதில் விழும். அதனால் முறுக்குப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

எங்களிடம் சொல்லாமல் நீ அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா உன் பெயரை எடுப்பதில்லை. நீ போனில் கூப்பிட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நான் சொல்லிப் பார்த்தேன், தனேஷ் சண்டை போட்டும் பார்த்தான். லோரி ஓட்டுவதை விட்ட பிறகு வீட்டிலேயே அடைந்து கிடந்து இன்னும் மோசமாகிவிட்டார். அடுத்த வீட்டு வாசு மலையேறும் குழு ஒன்று நடத்துகிறார் இல்லையா, அவர்கள் பகாங்கில் மெராப்போ பக்கம் மூன்று நாள் நடக்கப் போகிறார்கள், இரவில் குகைக்குள்தான் தூக்கம் என்று கேள்விப்பட்டதும், அப்பாவைக் கேட்காமலே இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். குகையில படுக்க நான் என்ன வௌவாலா என்று குதித்தார். நான் தனியாகவே கிளம்பிவிடுவேன் என்று தெரிந்ததும் பேசாமல் காலுக்குச் சப்பாத்து வாங்க வந்தார்.

முதல் நாள் முழுக்கக் காடும் சேறும்தான். அட்டை ஒன்று அப்பாவின் காலுறைக்குள் புகுந்து வயிறு முட்டக் குடித்துவிட்டு விழுந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் கயிற்றைப் பிடித்து ஏறிக் குகைக்குள் போனால் நம் சமூக மண்டபம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. வௌவால் எச்சத்தின் நாற்றம் கொஞ்ச நேரம் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. பாறை மேல் பாய் விரித்துப் படுத்தேன், நம் வீட்டு மெத்தையில்கூட அப்படித் தூங்கியதில்லை.

எங்களோடு வந்த தங்கமணி அக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். எல்லாரும் மெகி மீ நூடல்ஸும் பிஸ்கட்டும் கொண்டு வர, அவர் உறைய வைத்த தோசை மாவையும் சின்னத் தோசைக்கல்லையும் கொண்டு வந்திருந்தார். ரெண்டாவது நாளுக்குக் கரெக்டா புளிச்சிரும் லா என்று பெருமை வேறு. இரண்டாம் நாள் அவருக்குத் தோள் வலி வந்ததும் அப்பா அந்தப் பையை வாங்கிச் சுமந்தார். வெயிலில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, அப்பா முதுகிலிருந்து கால்சட்டை வரை வெள்ளையாக இறங்கிவிட்டது. பின்னால் வந்த வாசு, அண்ணே, வௌவால் உங்க மேல ஒரு குடும்பமாவே போயிருக்கு என்றார். அப்பா தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார், அப்படியே சேற்றில் உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று தெரியுமா மலர், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிஞ்சிய மாவை அன்று இரண்டாவது குகையின் வாசலில் கேஸ் அடுப்பு வைத்துச் சுட்டார்கள். நடந்த பசியில் எல்லாரும் கல்லைச் சுற்றியே நின்றோம். அப்பா தன் தோசையின் ஓரத்து முறுகலை மட்டும் பிய்த்துத் தட்டில் ஒதுக்கிவிட்டு நடுவைச் சாப்பிட்டார். சின்ன வயதில் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து முறுகல் முறுகல் என்று பிடுங்குவாயே, அந்தக் கைப்பழக்கம். தான் செய்வது அவருக்கே தெரியவில்லை. தங்கமணி அக்கா, முறுகல் வேணாமாண்ணே, நான் எடுத்துக்கவா என்று கை நீட்டினார். அப்பா தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, இல்ல, அது மலருக்கு என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போல. மலர் யாரு என்று அக்கா கேட்டார். என் மூத்த மக, டப்ளின்ல இருக்கா என்றார். அந்த முறுகலைத் தின்னவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. நமத்துப் போகும் வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் இறங்கும்போது அவராகவே, அங்க தோசையெல்லாம் கிடைக்குமா என்றார். நீங்களே அவளைக் கேளுங்க என்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை, அது போதும் எனக்கு.

இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் இருங்கள், மாரியம்மன் துணையிருப்பாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பார்சல் கைக்கு வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் சாயங்காலம் கூப்பிடு, போனை அவர் கையில்தான் கொடுப்பேன். மன்னிப்பெல்லாம் கேட்காதே, குகை எப்படிப்பா இருந்தது என்று மட்டும் கேள். உடனே அவருக்குப் பேச்சு வராது. கட் ஆகிவிட்டதென்று நினைத்து வைத்துவிடாதே மலர், லைனிலேயே இரு.

ஆசிகளோடு,
உன் அம்மா
உஷாராணி